செயலி மேம்படுத்தலுக்குப் பிந்தைய நிலையின்மை

செயலி மேம்படுத்தலுக்குப் பிந்தைய நிலையின்மை என்பது, பழைய கணினி ஒன்றின் செயலியை நீக்கி, அதே தாய்ப்பலகையில் விரைவு மிகுந்த வேறொரு செயலியைப் பொருத்திய பின்னர் அக்கணினி நம்பகமாக இயங்காமல் போகும் நிலையைக் குறிக்கும். கணினி தொடங்கவே மறுப்பது இதில் அடங்காது. தொடங்குகிறது, சில நிமிடங்களோ சில மணிநேரமோ ஒழுங்காக வேலையும் செய்கிறது, பின்னர் உறைந்து நிற்கிறது அல்லது தானாகவே மறுதொடக்கம் ஆகிறது என்பதே இதன் இயல்பு.

இவ்வாறு நேரும்போது புதிதாக வந்த செயலியின் மீதே பழி விழுகிறது. ஆனால் கணினியின் உறுப்புகளுள் மிக அரிதாகப் பழுதடைவது செயலியே ஆகும். புதிய செயலி பெரும்பாலும் கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கிறது, கூடுதல் வெப்பத்தை வெளியிடுகிறது, நினைவகத்தை வேறு வேகத்தில் இயக்குகிறது. பழைய செயலியுடன் தட்டுத்தடுமாறியேனும் ஓடிக்கொண்டிருந்த மின்வழங்கி, மின்தேக்கி, விசிறி, நினைவகம் ஆகியவற்றில் ஏற்கெனவே இருந்த குறை அப்போது வெளிப்படுகிறது. எனவே பழுதறியும் பணி செயலியில் தொடங்கி அதனுடன் முடிந்துவிடுவதன்று.

பின்னணி

மேசைக் கணினிகளில் செயலியை மட்டும் மாற்றும் வழக்கம் 486 வகைக் கணினிகளின் காலத்தில் பரவியது. 1995இல் இன்டெல் நிறுவனம் 486 தாய்ப்பலகைகளில் பொருத்தத்தக்க பென்டியம் ஓவர்டிரைவ் செயலியை 63, 83 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் வெளியிட்டது. அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. பழைய பலகை வழங்கும் 5 வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் சீராக்கி செயலியின் உடலிலேயே இருந்தது. விசிறியும் உடன் இணைக்கப்பட்டிருந்தது. அவ்விசிறி நின்றுபோனால் செயலி தன் வேகத்தைப் பலகையின் அடிப்படை வேகத்துக்குத் தாழ்த்திக்கொள்ளும். பழைய பலகையில் புதிய செயலி சந்திக்கும் இரு பெரும் இடர்களான மின்னழுத்தமும் வெப்பமும் அன்றே முன்னுணரப்பட்டிருந்தன என்பதை இது காட்டுகிறது. பிற்காலச் செயலிகள் இத்தகைய காப்புடன் வரவில்லை. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பொருத்துபவரிடம் விடப்பட்டது.

சாக்கெட் 7 எனப்படும் பொருத்துவாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பென்டியம் செயலி ஏறத்தாழ 3.3 வோல்ட்டில் இயங்கியது. 1997இல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் செயலியின் உட்கருவுக்கு 2.8 வோல்ட்டே போதும். ஏஎம்டி நிறுவனத்தின் கே6-2 செயலிக்கு 2.2 வோல்ட். மூன்றும் ஒரே துளைகளில் அமரும். ஜம்பரை மாற்ற மறந்தால் செயலி உடனே எரிந்துவிடாமல், அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சில வாரங்கள் தடுமாறி ஓடி, பிறகு மடிவதும் உண்டு. பொருந்துகிறது என்பதனாலேயே ஏற்புடையது என்று கொள்ள முடியாது என்ற பாடம் இன்றுவரை மாறவில்லை. எல்ஜிஏ 1151 பொருத்துவாயிலும் இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைச் செயலிகளுக்கான பலகைகளும் 8, 9ஆம் தலைமுறைச் செயலிகளுக்கான பலகைகளும் வடிவில் ஒன்றே, மின்னிணைப்பில் வேறு.

வெளிப்படும் வடிவங்கள்

பழுது எப்போது நேர்கிறது என்பது, எந்தப் பிழைச்செய்தி வருகிறது என்பதைவிட அதிகம் சொல்லும். நீலத்திரையில் காணப்படும் பிழை எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தால் இயக்கி மென்பொருளிலோ இயங்குதளத்திலோ குறை இருக்க வாய்ப்பு மிகுதி. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண், வெவ்வேறு செயலி நிரல், வெவ்வேறு இடம் என்றால் வன்பொருளையே ஐயுற வேண்டும். இயங்குதளத்தை நிறுவும்போது ஒருமுறை 30 விழுக்காட்டிலும் மறுமுறை 70 விழுக்காட்டிலும் நின்றுபோவது இவ்வகையைச் சேர்ந்தது. இதைக் குறுவட்டின் கீறல் எனக் கருதிப் புதிய வட்டு வாங்கியவர்கள் பலர்.

கணினி இயங்கத் தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடங்கள் கழித்து நிகழ்வது பெரும்பாலும் வெப்பம். கனமான வேலை தொடங்கிய நொடியிலேயே, எச்சரிக்கை ஏதுமின்றி மறுதொடக்கம் ஆவது பெரும்பாலும் மின்வழங்கல். சுருக்கப்பட்ட கோப்புகளைப் பிரிக்கும்போது மட்டும் பிழை காட்டுவது பெரும்பாலும் நினைவகம். குறிப்பிட்ட வேளையில் மட்டும், எடுத்துக்காட்டாக மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும், நிகழுமாயின் கணினிப் பெட்டியைத் திறக்குமுன் சுவரிலுள்ள மின்செருகியைப் பார்க்க வேண்டும்.

இவை ஐயத்துக்கு வழிகாட்டுபவையே அன்றி முடிவுகள் அல்ல.

தரவு சிதைவு

கணினி நின்றுபோவது தொல்லைதான். ஆயினும் அது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. நிலையற்ற கணினியின் உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாதது. வன்தட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு எழுத்தும் நினைவகத்தின் வழியாகவும் செயலியின் வழியாகவுமே செல்கிறது. அங்கு ஒரு துணுக்கு மாறினால், மாறியதே சரியானது என வன்தட்டு எழுதிக்கொள்ளும். கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், ஒளிப்பட நிலையத்தின் திருமணப் படங்கள், அச்சகத்தின் பக்க வடிவமைப்புக் கோப்புகள் ஆகியவை இவ்வாறு சிறிது சிறிதாகச் சிதைந்து, மாதங்கள் கழித்துத் திறக்கும்போதே தெரியவரும். அதற்குள் நல்ல காப்புப் படிகளின் மீது சிதைந்த படிகள் எழுதப்பட்டிருக்கும்.

இதனால் பழுதறியத் தொடங்குமுன் செய்யவேண்டிய முதற்பணி, தரவுகள் உள்ள வன்தட்டின் இணைப்பை அகற்றிவிடுவதாகும். சோதனைகள் அனைத்தையும் நேரடியாக இயங்கவல்ல லினக்ஸ் வட்டைக் கொண்டோ, பயன்படாத பழைய வன்தட்டைக் கொண்டோ நடத்தலாம். 2000இல் வெளிவந்த நாப்பிக்ஸ் இவ்வகையில் முன்னோடி. பின்னர் உபுண்டு வட்டுகள் பரவின; 2005 முதல் 2011 வரை அவை வேண்டுவோருக்கு அஞ்சலில் இலவசமாகவே அனுப்பப்பட்டன. இன்று அப்பணியை யூஎஸ்பி விரலி செய்கிறது. நிலையற்ற கணினியிலேயே காப்புப்படி எடுப்பது தவிர்க்கப்பட வேண்டும். வன்தட்டைக் கழற்றி, நலமாக உள்ள வேறொரு கணினியில் இணைத்து எடுக்கும் படியே நம்பத்தக்கது.

மின்வழங்கல்

கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்றே அழைக்கப்படும் மின்வழங்கி, இத்தகைய பழுதுகளில் முதலில் ஐயுறத்தக்கது. பென்டியம் III காலத்துப் பலகைகள் செயலிக்கான ஆற்றலைப் பெரும்பாலும் 5 வோல்ட் தடத்திலிருந்து எடுத்தன. 2000இல் பென்டியம் 4 வந்தபோது 12 வோல்ட் தடத்துக்குத் தனியாக நான்கு முனை இணைப்பி சேர்க்கப்பட்டது. அதன்பின் செயலியின் சுமை முழுவதும் 12 வோல்ட் தடத்துக்கு மாறியது. பழைய வடிவமைப்பிலான மின்வழங்கிகள் 5 வோல்ட்டில் வலுவானவை, 12 வோல்ட்டில் மெலிந்தவை. பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள மொத்த வாட் அளவு இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. 12 வோல்ட் தடத்துக்கு எதிரே உள்ள ஆம்பியர் அளவே சொல்லும். பெட்டியுடன் இலவசமாக வரும் மலிவு மின்வழங்கிகளில் அந்த மொத்த அளவும் நம்பத்தக்கதன்று.

ஒரு கணக்கு இதை விளக்கும். 95 வாட் செயலிக்கு ஆற்றல் வழங்கும் தாய்ப்பலகைச் சீராக்கியின் திறன் 80 விழுக்காடு எனக் கொண்டால், 12 வோல்ட் தடத்திலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கப்படும். வன்தட்டும் விசிறிகளும் வரைகலை அட்டையும் இதற்கு மேல். 65 வாட் செயலிக்கு 7 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். அந்த 3 ஆம்பியர் வேறுபாட்டில்தான் பல பழைய மின்வழங்கிகள் தடுமாறுகின்றன. பென்டியம் டி 840 செயலி 130 வாட் வரையும், கோர் 2 குவாட் கியூ6600 செயலியின் முதல் பதிப்பு 105 வாட் வரையும் வெப்பத்தை வெளியிட வல்லவை. பின்வந்த கோர் 2 டுவோ செயலிகள் பலவும் 65 வாட் அளவில் அடங்கின. எனவே பழைய பென்டியம் டி செயலியிலிருந்து கோர் 2 டுவோவுக்கு மாறுவது சுமையைக் குறைக்கும் மேம்படுத்தலாகும். நிலையின்மைக்கு மின்வழங்கியே காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவிட, கணினி கனமான வேலையில் இருக்கும்போது வன்தட்டுக்கான நான்கு முனை இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும் இருப்பது ஏற்புடையது. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிச் சுமையேறியதும் 11.3க்கு இறங்கினால் ஐயமில்லை. எண் சரியாக இருந்தும் பழுது தொடர்வதுண்டு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. நல்ல நிலையில் உள்ள வேறொரு மின்வழங்கியை இரவல் வாங்கி இணைத்துப் பார்ப்பதே எளிய வழி. மின்வழங்கியின் பெட்டியைத் திறக்கக்கூடாது. மின்செருகியை நீக்கிய பின்னரும் அதனுள் உள்ள பெரிய மின்தேக்கிகள் உயிருக்கு இடர்தரும் அளவு மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கக்கூடும்.

தாய்ப்பலகையின் மின்தேக்கிகள்

12 வோல்ட்டைச் செயலிக்கு வேண்டிய 1.3 வோல்ட் அளவுக்குக் குறைக்கும் சீராக்கி, செயலியின் அருகிலேயே தாய்ப்பலகையில் அமைந்துள்ளது. 95 வாட்டை 1.3 வோல்ட்டில் வழங்க 70 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் தேவை. இம்மின்னோட்டத்தின் அதிர்வைச் சமன் செய்பவை, செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகள்.

2000களின் முற்பகுதியில் உருவாக்கப்பட்ட பல தாய்ப்பலகைகளில் குறைபாடுள்ள மின்பகுளியைக் கொண்ட மின்தேக்கிகள் இடம்பெற்றன. அவற்றின் தலைப்பகுதி உப்பி, பழுப்பு நிற நீர்மம் கசிந்து, காலத்துக்கு முன்பே செயலிழந்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 கணினிகள் இதனால் பெருமளவில் பழுதடைந்து, பழுது நீக்கத்துக்கும் மாற்றீட்டுக்குமாக அந்நிறுவனம் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அக்காலப் பலகை ஒன்றில் புதிய செயலியைப் பொருத்துமுன் மின்தேக்கிகளின் தலை தட்டையாக உள்ளதா எனப் பார்ப்பது கட்டாயம். தட்டையாக இருப்பதும் முழு உறுதி ஆகாது. உப்பாமலே உள்ளே உலர்ந்துபோன மின்தேக்கிகளும் உள. பின்னாளில் வந்த திண்ம மின்தேக்கிகளில் இச்சிக்கல் மிகக் குறைவு.

மின்பகுளி மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கூடுதல் வெப்பத்தை வெளியிடும் செயலிக்கு மிக அருகில் இவை நிற்கின்றன என்பதை இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

வெப்பம்

செயலியின் வெப்பநிலையை ஓர் எளிய கூட்டலால் மதிப்பிடலாம். பெட்டிக்குள் உள்ள காற்றின் வெப்பநிலையுடன், செயலி வெளியிடும் வாட் அளவை வெப்ப உறிஞ்சியின் தடையால் பெருக்கி வரும் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 0.3 பாகை தடையுள்ள வெப்ப உறிஞ்சியில் 65 வாட் செயலி, பெட்டிக்காற்றைவிட 19.5 பாகை மட்டும் கூடுதலாகச் சூடேறும். 95 வாட் செயலி 28.5 பாகை ஏறும். பெட்டிக்காற்று 45 பாகையாக இருந்தால் முன்னது 64.5, பின்னது 73.5. குளிரூட்டப்பட்ட அறையில் உணரப்படாத இந்த 9 பாகை, கத்திரி வெயிலில் எல்லைக்கோட்டைத் தாண்டவைக்கும்.

நடைமுறையில் காணப்படும் குறைகள் பெரும்பாலும் பொருத்துகையைச் சார்ந்தவை. எல்ஜிஏ 775 பலகைகளின் வெப்ப உறிஞ்சி நான்கு நெகிழி முளைகளால் நிற்பது. மூன்று முளைகள் பூட்டி நான்காவது பூட்டாமல் இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது தெரியாது. பலகையின் பின்புறத்தில் நான்கு கரும்முனைகளும் விரிந்துள்ளனவா எனப் பார்த்தால் மட்டுமே தெரியும். மற்றொரு குறை தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பக்கடத்துப் பசை தொடர்பானது. உலர்ந்த பழைய பசையை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதிய பசையை ஒன்றிரண்டு நெல்மணி அளவுக்கு நடுவில் வைத்தால் போதும். உலோகங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதே பசையின் வேலை. தடித்த படலமாகப் பூசினால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும். பசை கிடைக்காதபோது பற்பசையைப் பூசும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சில நாள் அது வேலை செய்வதுபோலத் தோன்றும். ஈரம் உலர்ந்ததும் பயனற்றுப்போய், முன்னிருந்ததைவிட மோசமான நிலை உண்டாகும்.

வெப்பம் மிகும்போது செயலிகள் நடந்துகொள்ளும் முறையும் ஒன்றன்று. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் வெப்ப உறிஞ்சிகளை அகற்றிப் படம்பிடித்தது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. ஏஎம்டி அத்லான் செயலிகள் நொடிகளில் எரிந்தன. இன்றைய செயலிகள் அனைத்தும் தற்காப்பு உடையவை. ஆகவே இன்று வெப்பம் முதலில் வேகக்குறைவாகவே தென்படும். அதன் பின்னரே அணைந்துபோதல். மேம்படுத்திய பின்னும் கணினி முன்போலவே மெதுவாக உள்ளது என்ற முறைப்பாட்டின் பின்னணியில் பூட்டாத ஒரு முளை இருக்கக்கூடும்.

பயோசும் நுண்நிரலும்

தாய்ப்பலகையின் பயோஸ், செயலியை அடையாளம் கண்டு அதற்குரிய மின்னழுத்தம், பெருக்கி எண், நினைவக வேகம் ஆகியவற்றை அமைக்கிறது. செயலியின் உள்ளமைப்பிலுள்ள பிழைகளைத் திருத்தும் நுண்நிரலையும் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஏற்றுகிறது. பலகை வெளிவந்த பின்னர் உருவான செயலியைப் பழைய பயோஸ் அறியாது. அறியாத செயலியை ஏற்க மறுக்கும் பலகைகள் உள; தோராயமான அமைப்புடன் ஏற்றுக்கொண்டு ஓடவிடும் பலகைகளும் உள. இரண்டாம் வகையே நிலையின்மைக்கு இடமளிக்கிறது.

ஏறத்தாழ 2013 முதல், வழங்கிக் கணினிகளுக்கான எல்ஜிஏ 771 வகை சியோன் செயலிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, அவற்றை எல்ஜிஏ 775 பலகைகளில் பொருத்தும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இரண்டு தொடுமுனைகளை இடம் மாற்றும் ஒரு சிறு ஒட்டியை அடியில் ஒட்டி, பொருத்துவாயின் பக்கமுளைகளை வெட்டினால் சியோன் இ5450 போன்ற நான்கு கருச் செயலி அமர்ந்துவிடும். பயோசில் அச்செயலிக்கான நுண்நிரலைச் சேர்க்காதவர்கள் இனம்புரியாத உறைதல்களைக் கண்டனர். ஒட்டி சற்று விலகினாலும் இதே விளைவு நேரும்.

ஏஎம்4 பலகைகள் இதற்கு எதிர்த்திசையில் அமைந்த எடுத்துக்காட்டு. 2017இல் முதல் ரைசன் செயலிகளுடன் வந்த பலகைகள் பலவற்றுக்கு, 2022இல் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயோஸ் பதிப்புகள் கிடைத்தன. அங்கு பயோசை இற்றைப்படுத்தியபின் செயலியை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் புதிய செயலியுடன் திரை ஒளிராது, பழையதைத் திரும்பப் பொருத்தவேண்டிவரும். இற்றைப்படுத்தும்போது மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப்போகலாம் என்பதால் மின்கலம் நலமாக உள்ள யூபிஎஸ் இன்றி இதைச் செய்யக்கூடாது.

செயலியை மாற்றியதும் பயோஸ் அமைப்புகளைத் தொடக்கநிலைக்கு மீட்டெடுப்பது நல்லது. நாணய வடிவிலான சிஆர்2032 மின்கலம் பழையதாயின் அதையும் மாற்றிவிடலாம். அதன் விலை மிகக் குறைவு.

நினைவகம்

2003இல் வந்த அத்லான் 64 முதல் ஏஎம்டி செயலிகளிலும், 2008இல் வந்த முதல் கோர் ஐ7 முதல் இன்டெல் செயலிகளிலும் நினைவகக் கட்டுப்படுத்தி செயலிக்குள்ளேயே அமைந்துள்ளது. ஆகவே செயலியை மாற்றுவது நினைவகக் கட்டுப்படுத்தியையும் மாற்றுவதாகும். அதற்கு முந்தைய கணினிகளிலும் செயலிப் பாட்டையின் வேகம் 533இலிருந்து 800 அல்லது 1066 மெகாஹெர்ட்சுக்கு உயரும்போது நினைவகத்தின் வேக விகிதம் மாறும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனத்திடமிருந்து வாங்கிய இரு நினைவகப் பலகைகள் பழைய வேகத்தில் ஒத்துப்போய், புதிய வேகத்தில் முரண்படுவது இயல்பு.

மெம்டெஸ்ட்86+ என்ற நிரல் இதற்கெனவே உள்ளது. இயங்குதளம் இன்றி நேரடியாகத் தொடங்கி நினைவகம் முழுவதையும் எழுதிப் படித்து ஒப்பிடும். ஓரிரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்ச்சி இல்லை. பிழை வந்தால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதிக்கலாம். தனித்தனியே தேறி, சேர்ந்து தோற்றால் குறை பலகைகளில் இல்லை, அமைப்பில் உள்ளது. நினைவகத்தின் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது பழுதுநீக்குவோரிடம் பரவலாக உள்ள முறை. அழுக்கு நீங்குவதால் பலமுறை அது பயன்படவும் செய்கிறது. ஆயினும் பொன்முலாம் மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் அதுவும் நீங்கிவிடும்.

இயங்குதளம்

வன்பொருளில் எக்குறையும் இல்லாமல், வேகம் கூடியதாலேயே மென்பொருள் தடுமாறிய நிகழ்வும் உண்டு. விண்டோஸ் 95 இயங்குதளம், 350 மெகாஹெர்ட்சும் அதற்கு மேலும் வேகமுள்ள கே6-2 செயலிகளில் தொடங்கும்போது பாதுகாப்புப் பிழை காட்டி நின்றது. குறிப்பிட்ட கட்டளைச் சுழற்சி ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என அளந்து, அந்நேரத்தால் வகுக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. புதிய செயலி அச்சுழற்சியை மிக விரைவாக முடித்ததால் அளந்த நேரம் சுழியமாகி, சுழியத்தால் வகுக்கும் பிழை ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் நேராமல் விட்டுவிட்டு நேர்ந்ததால், செயலியே பழுது எனப் பயனர் எண்ணியதில் வியப்பில்லை. திருத்த நிரல் ஒன்று பின்னர் வெளியிடப்பட்டது.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒற்றைக் கருவிலிருந்து இரட்டைக் கருவுக்கு மாறும்போது, வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடைப்பட்ட அடுக்கும் மாற வேண்டியிருந்தது. மாறாவிடின் இரண்டாம் கரு பயன்படாமலே இருக்கும். தூய நிறுவலே அங்கு நேர்வழி.

கண்டறியும் முறை

மிகுந்த தகவலைத் தரும் சோதனை, பெரும்பாலும் எவரும் செய்யாத சோதனையாகும். அது பழைய செயலியைத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது. பழைய செயலியும் இப்போது தடுமாறினால், மாற்றும்போது கைபட்டு வேறேதோ தளர்ந்துள்ளது: நினைவகம் முழுமையாக அமராமல் இருக்கலாம், நான்கு முனை இணைப்பி பாதி செருகப்பட்டிருக்கலாம், எல்ஜிஏ பொருத்துவாயின் ஊசிகளுள் ஒன்று வளைந்திருக்கலாம். பழைய செயலி முன்போல் ஒழுங்காக ஓடினால் மின்வழங்கல், வெப்பம், அமைப்பு ஆகிய மூன்றுக்குள் தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம். இதனாலேயே மேம்படுத்தல் உறுதிப்படும் வரை பழைய செயலியை விற்றுவிடக்கூடாது.

அடுத்தது வேகத்தைத் தாழ்த்துதல். பயோசில் பாட்டை வேகத்தையோ பெருக்கியையோ ஒருபடி குறைத்தால் நிலையின்மை மறைகிறதெனில் செயலி உயிருடன் உள்ளது. அதற்குத் துணைநிற்கும் ஏதோ ஒன்று போதவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேரே வைத்துப் பார்ப்பது, செலவின்றி வெப்பத்தைப் பிரித்தறியும் வழி. வேண்டாத அட்டைகளையும் குறுவட்டு இயக்கியையும் கழற்றினால் மின்சுமை குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிப் பழுது நீங்கினால் எது காரணம் என்பது தெரியாமலே போகும். சில வாரங்களில் அது திரும்பவும் வரும்.

இறுதிச் சோதனைக்குப் பிரைம்95 நிரல் பரவலாகப் பயன்படுகிறது. பெரிய பகாஎண்களைத் தேடும் தன்னார்வத் திட்டத்துக்காக 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய இந்நிரல், முன்கூட்டியே விடை தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து ஒப்பிடுகிறது. கணினி உறையாமலே கூட விடை பிழையானால் அறிவித்துவிடும் என்பதே இதன் சிறப்பு. தரவு சிதைவைத் தரவுகள் இல்லாமலே கண்டுபிடிக்கும் முறை இது. லினக்சில் கருநிரலைத் தொடர்ந்து பலமுறை தொகுத்துப் பார்ப்பதும் கடுமையான சோதனையே.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு வடமேற்கே, மேல்மலையனூர் வட்டத்தில் உள்ள அவலூர்பேட்டை போன்ற ஊர்களில் மேற்கண்ட காரணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. கோடையில் பகல் வெப்பநிலை 40 பாகையை ஒட்டிச் செல்லும். சாலையோரக் கடைகளில் புழுதி விசிறியையும் வெப்ப உறிஞ்சியின் இடைவெளிகளையும் சில மாதங்களிலேயே அடைத்துவிடும். கிணற்றுப் பாசனப் பகுதிகளில் மோட்டார்கள் ஒருங்கே ஓடும் வேளையில், மின்தடத்தின் கடைக்கோடியில் உள்ள இணைப்புகளில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அழுத்தம் வெகுவாகத் தாழ்வதுண்டு. அழுத்தம் தாழ்ந்தால் மின்வழங்கி கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். கணநேரத் தடையைத் தாங்கும் அதன் ஆற்றலும் குறையும். பழைய செயலியின் சுமையில் தாக்குப்பிடித்த யூபிஎஸ், புதிய சுமையில் மின்மாற்ற நொடியில் கைவிட்டுவிடும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது யூபிஎஸ் மின்கலங்கள் விரைவில் தேய்ந்தன.

நிலத்தொடர்பு சரியில்லாத செருகியில் கணினிப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய அதிர்வு உணரப்படும். மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியில் உள்ள சிறு மின்தேக்கிகள் வழியே பெட்டி ஏறத்தாழ வழங்கழுத்தத்தின் பாதிக்கு உயர்வதே அதற்குக் காரணம். இந்நிலையில் இணைப்புகளைச் செருகிக் கழற்றுவது உறுப்புகளைக் கெடுக்கும். மூன்று முனைச் செருகியின் நிலமுனையை வெட்டிவிட்டுப் பயன்படுத்துவது ஒருபோதும் கூடாது.

பழைய செயலிகள் மிகுதியாகக் கிடைக்கும் இடம் சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு. அவலூர்பேட்டையிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வாங்கிய செயலியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றால் ஒருநாள் வேலையும் பேருந்துக் கட்டணமும் போகும். கடைக்காரரின் சோதனைப் பலகையில், நல்ல மின்வழங்கியுடன், அதே செயலி குறையின்றி ஓடும். இரு தரப்பும் உண்மையே சொல்கின்றன. பயணத்துக்கு முன் பழைய செயலியைப் பொருத்திப் பார்ப்பதும் மின்வழங்கியை இரவல் வாங்கிச் சோதிப்பதும் இவ்வலைச்சலைப் பெரும்பாலும் தவிர்க்கும். வாங்கும்போதே தாய்ப்பலகையின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிச் சென்று, பலகைத் தயாரிப்பாளரின் ஏற்புப் பட்டியலில் அச்செயலி உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது அதனினும் நன்று.

செயலியே குறையுடையதாக இருந்த நிகழ்வுகள்

மேற்கூறியவற்றுக்கு விலக்குகளும் உள்ளன. 2000 சூலை இறுதியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III செயலியை வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேரின் தாமஸ் பாப்ஸ்ட்டும் ஹார்டுஓசிபியின் கைல் பென்னட்டும் அது நிலையாக இயங்கவில்லை எனக் கண்டனர். லினக்ஸ் கருநிரலைத் தொகுக்கும் பணியை அதனால் முடிக்க இயலவில்லை. ஆகத்து இறுதியில் இன்டெல் அச்செயலியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அண்மைய நிகழ்வு இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைக் கோர் மேசைக் கணினிச் செயலிகளைச் சார்ந்தது. கணினி விளையாட்டுகள் தொடங்கும்போது வரைகலை நினைவகம் போதவில்லை என்ற செய்தி தோன்றியதால் பலர் வரைகலை அட்டையை ஐயுற்றனர். குறை உண்மையில் செயலியில் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் செயலி கேட்டுப் பெற்றதால் அது நாளடைவில் தேய்வுற்றது. 2024இல் இன்டெல் நுண்நிரல் திருத்தங்களை பயோஸ் வழியாக வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த செயலியை நுண்நிரலால் மீட்க முடியாது. இவ்வரிசைச் செயலி ஒன்றைப் பழையதாக வாங்கிப் பொருத்துபவர், முந்தைய கணினியில் அது எந்த பயோசுடன் எவ்வளவு காலம் ஓடியது என்பதைக் கேட்டறிவதும், பொருத்துமுன் தம் பலகையின் பயோசை இற்றைப்படுத்திக்கொள்வதும் தேவை.